வாங்கிய பெட்டியும் கட்டிய பெட்டியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியைக் கடந்தால் வேலணைத் தீவு. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் லைடன் என்று அழைத்த தீவு அது. அத்தீவிலுள்ள சாட்டிக் கடற்கரையை அறியாத யாழ்ப்பாணத்தார் மிகச் சிலரே. வெண்மணலும் ஆழமற்ற கடலும் விடுமுறை நாட்களில் நகரத்தாரை அங்கே இழுக்கின்றன. தீவு மக்களுக்கோ சாட்டியின் செல்வம் வேறு. நாற்புறமும் உவர் சூழ்ந்த நிலத்தில், மணலுக்கடியில் தேங்கிய மழைநீரைத் தரும் நன்னீர்க் கிணறுகளே அச்செல்வம்.

அண்மையில் அவ்வூர் வீடொன்றின் விறாந்தையில் நாம் கேட்ட வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். கனடாவிலிருக்கும் சித்தப்பா, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பெறாமகனுக்குக் கணினி வாங்கப் பணம் அனுப்பியிருந்தார். பெயர் பெற்ற கொம்பனி ஒன்றின் விளையாட்டுக் கணினியையே, அதாவது பெட்டியைப் பிரித்து மின்சாரத்தில் செருகியதும் ஆடத்தக்க விலையுயர்ந்த ஆயத்தப் பொறியையே வாங்க வேண்டுமென்பது அவர் கட்டளை. பையனோ செயலியை ஓரிடத்திலும் வரைகலை அட்டையை வேறோரிடத்திலும் தெரிந்தெடுத்துத் தானே பூட்டுவேன் என்று நின்றான். தகப்பனார் கடற்றொழிலாளி. அவர் கேட்டது ஒன்றே: "தம்பி, நீ பூட்டிப்போட்டு அது பழுதாய்ப் போனால் ஆர் திருத்துறது?" மகன் சற்றும் தயங்காமல் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டான்: "அப்பா, வாங்கினது பழுதாய்ப் போனால் ஆர் திருத்துறது?"

விளையாட்டுக்கென்று ஒரு கணினியா என முகஞ்சுளிக்கும் வாசகரும் இருக்கலாம். அவர்கட்கு ஒரு வார்த்தை. ஆடுவதற்கென வாங்கும் பொறியே சாதாரண வீடொன்றில் இருக்கக்கூடிய கணினிகளுள் வலிமை மிக்கது; கட்டடம் வரையவும் படம் தொகுக்கவும் அதுவே உதவும். 1962 இல் அமெரிக்காவின் மாசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து இளைஞர் சிலர், ஆய்வுக்கென வந்த பொறியொன்றில் விண்வெளிப் போர் விளையாட்டை எழுதி ஆடினர். அப்பொறியைச் செய்த கொம்பனியே பின்னர் அவ்விளையாட்டை ஓட்டித் தன் பொறிகளைச் சோதித்துப் பார்த்தது. ஆட்டத்தை இகழ்வதற்கு முன் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

தகப்பனும் மகனும் கேட்ட அக்கேள்வி புதிதன்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவின் இரு பெருநகரங்கள் அதற்கு இருவேறு விடைகளை அளித்தன. கல்கத்தா வாங்கியது, பம்பாய் கட்டியது. அவ்விரண்டின் கதையையும் சற்று நின்று பார்ப்போம்.

கல்கத்தாவில் பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குக் கணக்குத் தீராத பசியாயிருந்தது. விடுதலை பெற்ற நாட்டின் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு வேண்டிய எண்கள் அங்கே மலைபோலக் குவிந்தன. 1953 இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த சமரேந்திர குமார் மித்ரா, பத்து மாறிகள் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒப்புமைப் பொறியொன்றைத் தாமே அமைத்தார். ஆயினும் பசி அடங்கவில்லை. 1955 இல் பிரித்தானியக் கொம்பனி ஒன்றிடமிருந்து எச்.இ.சி. 2எம் என்னும் பொறியை நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. இலண்டன் பேர்க்பெக் கல்லூரியின் அன்ட்ரூ பூத் வகுத்த அமைப்பிலிருந்து பிறந்த பொறி அது. இந்திய மண்ணில் இயங்கிய முதலாவது எண்முறைக் கணினி என்று வரலாறு அதனையே குறிக்கிறது. அதன் நினைவகம் சுழலும் உருளையொன்று. அதில் அடங்கியவை 1024 சொற்கள் மட்டுமே. இன்று சாட்டிப் பையன் கேட்கும் பொறியின் நினைவகத்தோடு அதனை ஒப்பிடுவது கிணற்றோடு கடலை ஒப்பிடுவது போன்றது.

அப்பொறியை வாங்கியதனால் கல்கத்தாவினர் சோம்பிப் போனார்களா? இல்லை. அதனை இயக்கியும் பேணியும், அது அடிக்கடி மக்கர் செய்தபோது உள்ளே கைவிட்டுத் திருத்தியும் பழகிய ஒரு தலைமுறை அங்கே உருவாயிற்று. 1966 இல் யாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அந்நிறுவனம் திரிதடையங்களாலான கணினியொன்றைத் தானே கட்டி முடித்தது. வாங்கிய பெட்டி அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயிருந்தது. ஏன்? பெட்டியின் மூடி திறக்கப்பட்டிருந்தது. அதனுள் கைவைக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பம்பாயின் கதை வேறு வகையானது. ஹோமி பாபாவின் தலைமையிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், கணினியை நாமே கட்டுவோம் என்று துணிந்தது. அக்குழுவை வழிநடத்தியவர் ஆர். நரசிம்மன், சென்னையிற் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவிற் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய தமிழர். அவருடன் சேர்ந்த இளைஞர்கள் முன்னர் கணினி கட்டிப் பழகியவர்கள் அல்லர். எடுத்த எடுப்பிலே பெரிய பொறியில் அவர்கள் கைவைக்கவுமில்லை. முதலில் மாதிரிப் பொறியொன்றைக் கட்டி 1956 இல் ஓடச் செய்தனர். அதிற் கண்ட பிழைகளைப் பாடமாகக் கொண்டு முழுப்பொறியைத் தொடங்கினர். 1960 இல் அது வேலை செய்யத் தொடங்கியது. நாற்பது இருமங்கள் கொண்ட 2048 சொற்களைத் தாங்கும் காந்த வளைய நினைவகம் அதற்கு இருந்தது. 1962 இல் அதற்கு டிஃப்ராக் என்ற பெயரைச் சூட்டியவர் பிரதமர் நேரு.

இனிக் கசப்பான பகுதி. டிஃப்ராக் ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்களால் ஆனது. அது கட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே உலகம் குழாய்களைக் கைவிட்டுத் திரிதடையங்களுக்கு மாறிவிட்டது. 1959 இல் ஐ.பி.எம். அறிவித்த 1401 என்னும் பொறி திரிதடையங்களாலானது. பிறந்த நாளிலேயே முதுமை எய்திய குழந்தையாயிற்று பம்பாயின் பொறி. சில ஆண்டுகள் உழைத்த பின்னர், 1964 இல் அதே நிறுவனம் அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 என்னும் பெரும்பொறியை வாங்கியது. கட்டியவர்களே கடைசியில் வாங்கினார்கள்!

அப்படியானால் ஆறேழு ஆண்டு உழைப்பும் வீண்தானே என்று கணக்குப் பார்ப்பவர் கேட்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. அதன் காரணத்தை விளக்க ஒரு பிற்கால நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தியாவின் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பெரும்பாலும் ஐ.பி.எம். பொறிகளே இருந்தன. அவை விற்கப்பட்டவை அல்ல; வாடகைக்கு விடப்பட்டவை. மேல்நாடுகளில் ஓடி ஓய்ந்த பழைய பொறிகளைப் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விட்டனர். அவற்றைத் திறந்து பார்க்கும் உரிமையும் திருத்தும் உரிமையும் கொம்பனியின் ஆட்களுக்கே உரியவையாயிருந்தன. 1973 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டார் பங்கை நாற்பது வீதமாகக் குறைக்க வேண்டுமென்றது. ஐ.பி.எம். அதற்கு இணங்காது 1978 இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. விற்றவர் போய்விட்டார்; பொறிகள் நின்றன. அன்று அவற்றைக் காத்தது எது? 1975 இல் அரசு தொடங்கியிருந்த கணினிப் பராமரிப்புக் கழகமும், பொறியின் உட்புறத்தைக் கண்டு அஞ்சாத பொறியியலாளர்களுமே. கல்கத்தாவிலும் பம்பாயிலும் மூடி திறந்து பழகிய ஆண்டுகளின் பெறுமதி இத்தகைய வேளையிற்றான் தெரிகிறது. எந்தப் பற்றுச்சீட்டிலும் அதற்கு விலை குறித்திருக்க மாட்டார்கள்.

பிறிதொரு முறையும் இதே பாடம் வந்தது. எண்பதுகளில் இந்தியா கேட்ட மீகணினியை அமெரிக்கா தர மறுத்து, அதனினும் வலிமை குறைந்த கிரே பொறியொன்றை வானிலை ஆய்வுக்கென மட்டும் நிபந்தனைகளோடு தந்தது. 1988 இல் பூனாவில் சி-டாக் நிறுவப்பட்டது. 1991 இல் பரம் 8000 வெளிவந்தது. இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரம் பொறியின் செயலிகள் இந்தியாவிற் செய்யப்பட்டவை அல்ல. டிரான்ஸ்பியூட்டர் என்னும் பிரித்தானியச் செயலிகளை வாங்கி, அவற்றைச் சேர்த்து ஒருமித்து வேலை செய்ய வைத்ததே பூனாவினரின் சாதனை. கட்டுதல் என்றால் ஆணிமுதல் அனைத்தையும் தானே வார்த்தல் என்று எவரும் மயங்கவேண்டாம். எதை வாங்குவது, எதனோடு எதைச் சேர்ப்பது என்று அறிதலே பெரும்பகுதி. சாட்டிப் பையன் செய்ய விரும்புவதும் சிறிய அளவில் அதுதான்.

வீட்டுக் கணினியின் வரலாறும் இவ்வழக்கோடுதான் தொடங்குகிறது. 1975 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அல்ட்டேர் 8800, உதிரிப் பாகங்களாக ஒரு விலைக்கும் பூட்டி முடித்த பொறியாக அதனினும் கூடிய விலைக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டு வொஸ்னியாக் வகுத்த அப்பிள் பொறியை ஐம்பது வாங்க முன்வந்த கடைக்காரர் இட்ட நிபந்தனை, பாகங்களாக வேண்டாம், பூட்டிய பலகைகளாகவே தாருங்கள் என்பதாகும். பற்றாசுக்கோல் பிடிக்கத் தெரிந்தவர் சிலர். வாங்குவோர் பலர் என்பதை அவர் அறிந்திருந்தார். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் சொந்தக் கணினியை வெளியிட்டபோது, விரைவு கருதி அதனைப் பிறர் செய்த பாகங்களைக் கொண்டே அமைத்தது. மின்சுற்று விவரங்களையும் நூலாக அச்சிட்டு விற்றது. பூட்டிய கதவின் சாவியைத் தானே வாசலில் வைத்தாற் போலாயிற்று. மறு ஆண்டே அதனை ஒத்த பொறிகளைப் பிறர் செய்யத் தொடங்கினர். 1995 இல் இன்டெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுமுறை வந்த பின்னர் எவர் செய்த தாய்ப்பலகையும் எவர் செய்த கூட்டிலும் பொருந்தலாயிற்று. சென்னையின் ரிச்சி வீதியிலும் கொழும்பின் பம்பலப்பிட்டியிலும் பாகங்களை வாங்கிப் பூட்டும் தொழில் தழைத்தது இவ்வளவுமுறைகளின் நிழலிலேதான்.

இன்று உயர்விலைக்கு விற்கும் ஆயத்தப் பொறிகளின் பிறப்பையும் பாருங்கள். மைக்கேல் டெல் 1984 இல் பல்கலைக்கழக விடுதியறையிலிருந்து கணினி விற்கத் தொடங்கிய மாணவர். விளையாட்டுக் கணினிக்கே பெயர் பெற்ற ஏலியன்வேர், 1996 இல் மயாமியில் இரு நண்பர்கள் தொடங்கியது. 2006 இல் டெல் அதனை வாங்கிக்கொண்டது. ஆயத்தப் பெட்டி வானத்திலிருந்து இறங்கியதன்று. வேறொருவர் பாகங்களை வாங்கிப் பூட்டிய பெட்டியே அது. பூட்டியவர் கூலியும் உத்தரவாதமும் விளம்பரமும் பெயரும் அதன் விலையில் அடங்கும். முதலிரண்டுக்கும் பணம் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. உழைப்புக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். பின்னிரண்டுக்கும் கனடாவில் இரட்டை வேலை செய்யும் ஒருவர் ஏன் கொடுக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

வாங்குதலும் கட்டுதலும் நம் கரைகளுக்குப் புதியவையல்ல. சாட்டியிலிருந்து பார்க்கையில் குடாநாட்டின் மறுகோடியிலுள்ள வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். 1938 இல் அது அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. கப்பலை வாங்கிய செல்வரால் அதனைச் செலுத்தும் கலையை விலைக்கு வாங்க இயலவில்லை. வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளுமே அதனை அங்கு கொண்டு சேர்த்தனர். இன்று சாட்டிக் கரையில் இழுத்துவிடப்பட்டிருப்பவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள்.

அதைவிட அண்மைய அனுபவம் ஒன்று உண்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், மின்கலம் முதலிய எத்தனையோ பொருள்கள் தடுக்கப்பட்டன. தீவுப்பகுதி மக்களுட் பெரும்பாலோர் அவ்வாண்டில் இடம்பெயர்ந்து குடாநாட்டுக்கு வந்து அவ்வாழ்க்கையிற் பங்குகொண்டனர். அந்நாட்களில் வானொலி கேட்பது எப்படி? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினர். ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, சக்கரத்தோடு உரசிச் சுழலும் தைனமோ மின்சாரம் தந்தது. தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். எனவே இருவாயிகள் சிலவும் கொள்ளளவி ஒன்றும் இடையே வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம் இடையில் நின்ற சிறுவரும் அறிந்திருந்தனர். சுற்றும் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும்! மோட்டார்ச் சைக்கிளைச் சில துளி பெற்றோல் காட்டி உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். யாம் போத்தலில் திரியிட்டுச் சிறு விளக்கு எரித்தனர். இவற்றை நாம் புகழ்பாடச் சொல்லவில்லை. அந்த வறுமை எவருக்கும் வரவேண்டாம். ஆனால் விற்பவனும் திருத்துபவனும் எட்டாத தொலைவிலிருந்த காலத்தில், பொருளின் உள்ளமைப்பை அறிந்த அயலவரே அயலவருக்கு ஆதாரமாயிருந்தனர் என்பது நாம் கண்ட உண்மை. சாட்டிப் பையன் பிறக்குமுன் நடந்தவை இவை. அவனுடைய தகப்பனார் அந்தச் சைக்கிளைச் சுற்றியவர்.

சரி, இன்றைய நிலை என்ன? கட்டுபவர் பக்கமே எக்காலமும் நியாயம் இருக்கும் என்று சொன்னால் அது பொய்யாகும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின் தட்டுப்பாட்டாலும், மறைகுறி நாணயம் அகழ்வோர் வாரிக்கொண்டமையாலும் வரைகலை அட்டைகளின் விலை தாறுமாறாக ஏறியது. தனி அட்டை கிடைக்காத அந்நாட்களில் ஆயத்தப் பொறி வாங்கியவரே பிழைத்தார். 2022 இல் இலங்கை ரூபாவின் பெறுமதி சரிந்தபோது டாலரில் வாங்கும் பொருளெல்லாம், கட்டியதாயினும் வாங்கியதாயினும், ஏறத்தாழ இருமடங்காயிற்று. அவ்வாண்டில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டும் இருந்தது. அதற்கு எப்பெட்டியும் ஒன்றே. பூட்டத் தெரியாதவர் செயலியின் ஊசியை வளைத்துவிட்டால் எந்தக் கடையும் அதனை மாற்றித் தராது. நேரமில்லாதவரும் விருப்பமில்லாதவரும் ஆயத்தப் பொறி வாங்குவதில் இழுக்கொன்றுமில்லை.

ஆனால் சாட்டிக்கு ஒரு தனி வழக்கு உண்டு. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீடு. விளையாட்டுக் கணினி அதிகச் சூட்டைக் கக்கும். அதனை ஆற்ற மூன்று நான்கு விசிறிகள் இடைவிடாது காற்றை உள்ளிழுக்கும். அக்காற்றில் உப்பும் நுண்மணலும் உண்டு. உப்பு ஈரத்தைப் பற்றும். ஈரம் இணைப்புகளை அரிக்கும். சில மாதங்களுக்கொருமுறை மூடியைக் கழற்றித் தூசு தட்டாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பொறியும் அங்கே நெடுநாள் வாழாது. ஆயத்தப் பொறிகள் சிலவற்றில் மூடியின்மேல் ஒட்டியிருக்கும் முத்திரையைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று விற்பவர் மிரட்டுவர். வேறு சிலவற்றில் மின்வழங்கியின் இணைப்பும் தாய்ப்பலகையின் வடிவும் அக்கொம்பனிக்கே உரியவை. ஒன்று பழுதானால் கடையில் உள்ள பொதுவான பாகம் பொருந்தாது. 1995 இல் வந்த பொது அளவுமுறை திறந்துவிட்ட கதவை இவ்வாறு மெல்லச் சாத்துகிறார்கள். எழுபதுகளின் வாடகைப் பொறியை நினைவூட்டுகிறது இது. இத்தகைய பெட்டிக்கு அதிகப் பணம் கொடுப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம். பொதுவான பாகங்களால் ஆன, திறக்கத் தடையில்லாத ஆயத்தப் பொறி கிடைக்குமானால் அது வேறு பேச்சு. கல்கத்தாவின் வழியும் நல்ல வழியே.

தாமே கட்டியதாகப் பெருமைப்படும் இளைஞருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அவர் கையிலிருக்கும் செயலியைத் தாய்வானின் ஆலைகளில் எத்தனையோ பேர் இரவும் பகலும் நின்று செய்திருக்கிறார்கள். திருகாணி பூட்டியது மட்டுமே நம்முடையது. அதை மறந்து பேசும் கர்வம் அழகன்று.

விறாந்தை வழக்கு எப்படி முடிந்தது என்று வாசகர் கேட்கலாம். தகப்பனார் தம் படகுக்கு யப்பானிய எஞ்சினை ஆயத்தமாகவே வாங்கியவர். ஆனால் கடலில் அது நின்றால் மூடியைக் கழற்றித் தாமே பிளக் துடைத்துப் பூட்டுபவர். மகன் அதனைச் சுட்டிக்காட்டவில்லை. அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "கழட்டத் தெரிஞ்சவன் பூட்டுவான்தானே" என்று தொலைபேசியிற் சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா முழு மனத்தோடு இணங்கினார் என்று சொல்வதற்கில்லை. பட்டியல் எழுதப்பட்டது: தாய்ப்பலகை, செயலி, வரைகலை அட்டை, நல்ல மின்வழங்கி, தூசுவலை பொருத்திய கூடு, தூசு தட்ட ஒரு தூரிகை. 2025 இன் பிற்பகுதியிலிருந்து நினைவகத்தின் விலை ஏறிக்கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கென ஆலைகள் அதனைத் திருப்பிவிட்டமையே காரணம். ஆகவே நினைவகத்தில் பாதியை மட்டும் இப்போது வாங்கிக்கொண்டு, மற்றப் பொருத்துவாயை விலை இறங்கும்வரை வெறுமையாக விட்டுவைப்பதென்று பையன் முடிவு செய்திருக்கிறான்.